உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுநோய்: ஊசி சொல்வதும் சொல்லாததும்

காதுக்குக் கீழே, தாடை திரும்பும் இடத்தில் ஒரு கட்டி தட்டுப்பட்டால் பொன்னுக்கு வீங்கி, நெறி கட்டு, சொத்தைப் பல், உமிழ்நீர்க் குழாயில் கல் என்று பல எண்ணங்கள் வரிசையாக வரும். புற்றுநோய் என்ற எண்ணம் கடைசியில்தான் வரும். அதில் பெரிய தவறும் இல்லை, ஏனென்றால் அந்த இடத்தில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் புற்றாக இருக்கும் சிலருக்கு, பரிசோதனை முடிவுகள் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான குழப்பம் தொடங்குகிறது. ஊசி வைத்துப் பார்த்தபோது ‘சாதாரணக் கட்டி’ என்று எழுதப்பட்டது, அறுவை சிகிச்சைக்குப் பின் புற்று என்று வருகிறது. ஓர் ஆய்வகம் ஒரு பெயரையும் மற்றோர் ஆய்வகம் வேறொரு பெயரையும் தருகிறது. யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று குடும்பத்தினர் முடிவுகட்டுவது இயல்பு. சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். பெரும்பாலும், ஒரு கேள்விக்கு மட்டுமே விடை சொல்லக்கூடிய ஒரு பரிசோதனையிடம் எல்லாக் கேள்விகளுக்கும் விடை எதிர்பார்த்ததில்தான் சிக்கல் இருக்கிறது. இந்த நோயில் எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதை அடிப்படையிலிருந்து விளக்க முயல்கிறது இக்கட்டுரை.

சுரப்பிகளும் கட்டிகளும்

பெரிய உமிழ்நீர்ச் சுரப்பிகள் மூன்று இணைகளாக உள்ளன. காதுக்கு முன்னும் கீழுமாகக் கன்னத்தில் படர்ந்திருப்பது பரோடிட் சுரப்பி. தாடை எலும்புக்குக் கீழே இருப்பது தாடையடிச் சுரப்பி. நாக்கின் அடியில் இருப்பது நாவடிச் சுரப்பி. இவை தவிர அண்ணம், உதடு, உட்கன்னம், தொண்டை ஆகியவற்றின் மெல்லிய சவ்வுக்கு அடியில் 600 முதல் 1,000 வரையிலான சிறு சுரப்பிகள் சிதறிக் கிடக்கின்றன. கட்டி இவற்றில் எதிலும் வரலாம்.

கட்டி எங்கே இருக்கிறது என்பதே முதல் தடயம். உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு பரோடிட்டில் வருகின்றன. பரோடிட்டில் வருவனவற்றில் ஏறத்தாழ 80 விழுக்காடு தீங்கற்றவை. தாடையடிச் சுரப்பியில் இந்தக் கணக்கு ஏறக்குறைய சரிபாதியாகிவிடுகிறது. சிறு சுரப்பிகளிலும் நாவடிச் சுரப்பியிலும் வரும் கட்டிகளில் பாதிக்கு மேல் புற்றாகவே இருக்கும். சுருக்கமாக, சுரப்பி சிறிதாகச் சிறிதாக ஐயம் பெரிதாக வேண்டும். அண்ணத்தில் வரும் வலியற்ற சிறு உருண்டையைப் பல்லின் சீழ்க்கட்டி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்பதும், பொருந்தியிருந்த பல்செட் திடீரென்று பொருந்தாமல் போனால் செட்டை மட்டும் தேய்த்துக் கொடுப்பதும் இந்தக் கணக்கை மறந்துவிடுவதால் நிகழ்பவை.

உலகளவில் இப்புற்று லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவருக்கு என்ற அளவில்தான் வருகிறது. அதைவிடப் பெரிய சிக்கல், இது ஒரே நோய் அல்ல என்பது. உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டில் உமிழ்நீர்ச் சுரப்பியில் தோன்றும் புற்றுகள் மட்டும் 20க்கும் மேற்பட்ட தனித்தனி நோய்களாகப் பிரிக்கப்பட்டுள்ளன. லட்சத்தில் ஒருவர் என்ற எண்ணிக்கையை இருபது பங்காகப் பிரித்துப் பார்த்தால், சில வகைகளைத் தம் பணிக்காலம் முழுவதிலும் ஓரிரு முறை மட்டுமே பார்க்கும் நோய்க்குறியியல் மருத்துவர்கள் ஏன் இருக்கிறார்கள் என்பது விளங்கும்.

புகையிலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் ஊர்களில் வாய்ப்புற்று என்றவுடன் வெற்றிலை, பாக்கு, புகையிலை நினைவுக்கு வருகின்றன. வாயின் உட்தோலில் வரும் புற்றைப் பொறுத்தவரை அது சரி. உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்றுக்கு அத்தகைய உறுதியான தொடர்பு நிறுவப்படவில்லை. அமெரிக்க பேஸ்பால் வீரர் டோனி குவின் 2010இல் பரோடிட் புற்றுக்கு ஆளாகி 2014இல் 54 வயதில் மறைந்தார். தாம் பல்லாண்டுகள் அடக்கிவந்த புகையிலையே காரணம் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை பரவலாகப் பேசப்பட்டாலும் ஆய்வுகள் அதை உறுதிப்படுத்தவில்லை. உறுதியாகத் தெரிந்த காரணங்களுள் ஒன்று கதிர்வீச்சு: ஹிரோஷிமா, நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களிடம் இப்புற்று கூடுதலாகக் காணப்பட்டது. ஆகவே, ‘எனக்கு எந்தக் கெட்ட பழக்கமும் இல்லையே’ என்பது கன்னத்துக் கட்டியைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்குக் காரணமாகாது.

மூர்க்கமான வகைகள்

இருபதுக்கும் மேற்பட்ட வகைகளில் பல மெதுவாக வளர்பவை. முழுமையாக அகற்றினால் பெரும்பாலும் அத்தோடு முடிந்துவிடும். மருத்துவர்களைக் கவலைப்படுத்துபவை வேறு.

1. சலைவரி டக்ட் கார்சினோமா எனப்படும் உமிழ்நீர்க் குழாய்ப் புற்று. 1968இல்தான் தனி நோயாக முதலில் விவரிக்கப்பட்டது. பெரும்பாலும் 50 வயதைக் கடந்த ஆண்களுக்கு, பரோடிட்டில் வருகிறது. சில மாதங்களிலேயே வளர்ந்துவிடும். கண்டறியப்படும்போதே பாதிக்கு மேற்பட்டோருக்குக் கழுத்து நெறிகளுக்குப் பரவியிருக்கும்.

2. பழைய கட்டிக்குள் பிறக்கும் புற்று. பிளியோமார்பிக் அடினோமா என்பது உமிழ்நீர்ச் சுரப்பியில் மிக அதிகமாக வரும் தீங்கற்ற கட்டி. அதை அகற்றாமல் பல ஆண்டுகள் விட்டுவைத்தால் அதன் ஒரு மூலையில் புற்று தோன்றலாம். முதல் ஐந்து ஆண்டுகளில் 1.5 விழுக்காடு அளவில் இருக்கும் இந்த அபாயம், 15 ஆண்டுகளுக்குப் பிறகு 10 விழுக்காட்டை நெருங்குவதாகப் பாடநூல்கள் கூறுகின்றன. இவ்வாறு பிறப்பது பல வேளைகளில் மேலே சொன்ன குழாய்ப் புற்றாகவே இருக்கிறது.

3. அடினாய்டு சிஸ்டிக் கார்சினோமா. இது வேகத்தால் மிரட்டுவதில்லை, விடாப்பிடியால் மிரட்டுகிறது. நரம்புகளைப் பற்றிக்கொண்டு மண்டையோட்டின் அடிப்பகுதி வரை ஊர்ந்து செல்லும். 10, 15 ஆண்டுகள் கழித்தும் நுரையீரலில் தலைகாட்டும்.

4. மியூகோஎபிடெர்மாய்டு கார்சினோமாவின் ஹை கிரேடு வடிவம். (கிரேடு என்பது நுண்ணோக்கியில் செல்கள் எவ்வளவு மூர்க்கமாகத் தோன்றுகின்றன என்ற தரம்; ஹை என்றால் மூர்க்கம் அதிகம், லோ என்றால் குறைவு.) இந்த நோயே லோ கிரேடாக இருந்தால் சாதுவானது. பெயர் ஒன்று, போக்கு முற்றிலும் வேறு; ஆகவே கிரேடு எழுதப்படாத அறிக்கை பாதி அறிக்கைதான்.

முதலில் கையும் கண்ணும்

வலியில்லாமல் இருப்பது நல்லதற்கு அடையாளம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. உமிழ்நீர்ச் சுரப்பியில் அந்த விதி செல்லாது. புற்றுக் கட்டிகளும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. மாறாக, சாப்பிடும்போது வீங்கிப் பிறகு வடியும் வலி, கல் அடைத்திருப்பதையே பெரும்பாலும் காட்டும். ஐயத்தை உயர்த்துபவை வேறு அறிகுறிகள்: பல ஆண்டுகள் ஒரே அளவில் இருந்த கட்டி சில வாரங்களில் பெரிதாவது, மேல்தோல் கட்டியோடு ஒட்டிக்கொள்வது, விரலால் தள்ளினால் நகராத அளவுக்கு இறுகுவது, கழுத்தில் நெறி தெரிவது, கன்னமோ அண்ணமோ நாக்கோ மரத்துப்போவது.

எல்லாவற்றுக்கும் மேலானது முகநரம்பு. கண்ணை மூடுவது, புருவத்தை உயர்த்துவது, சிரிப்பது என எல்லா முக அசைவுகளையும் இயக்கும் இந்த நரம்பு பரோடிட் சுரப்பிக்கு உள்ளேயே நுழைந்து அங்கேயே கிளை பிரிகிறது. தீங்கற்ற கட்டி எவ்வளவு பெரிதானாலும் நரம்பை ஒதுக்கித் தள்ளுமே தவிர, அதன் வேலையைக் கெடுப்பது மிக அரிது. எனவே கன்னத்தில் கட்டியும் அதே பக்கத்தில் முகத் தளர்ச்சியும் சேர்ந்திருந்தால், வேறு காரணம் நிரூபிக்கப்படும்வரை அதைப் புற்று என்றே கருத வேண்டும். கண்களை இறுக மூடச் சொல்லி, கன்னத்தை உப்பச் சொல்லி, பல்லைக் காட்டச் சொல்லிப் பார்க்கும் அந்த அரை நிமிடச் சோதனையை எந்த ஸ்கேனாலும் ஈடுகட்ட முடியாது.

இங்கே ஒரு வலை இருக்கிறது. ஒரு பக்க முகம் கோணிக்கொண்டால் அது பெரும்பாலும் பெல்ஸ் பால்ஸி எனப்படும் முகவாதம். ஓரிரு நாளில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகத் தொடங்கிவிடும். வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடிக்கொண்டே போகும் தளர்ச்சியும், உதட்டோரம் போன்ற ஒரு பகுதி மட்டும் தளர்வதும், மூன்று மாதமாகியும் சற்றும் திரும்பாத தளர்ச்சியும் அந்தக் கணக்கில் சேராதவை. அத்தகையவர்களுக்குக் கட்டி வெளியே தெரியாவிட்டாலும் பரோடிட்டை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும், ஏனெனில் சுரப்பியின் ஆழ்பகுதியில் இருக்கும் கட்டி கைக்குத் தட்டுப்படாது.

ஸ்கேன் எதற்கு?

அல்ட்ராசவுண்ட் மலிவானது, கதிர்வீச்சு இல்லாதது, ஊசியைச் சரியான இடத்துக்கு வழிநடத்தவும் உதவுவது. ஆனால் தாடை எலும்புக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஆழ்பகுதியை அது பார்க்காது. எம்.ஆர்.ஐ. அங்கேயும் பார்க்கும், கட்டியின் விளிம்பு தெளிவாக இருக்கிறதா, சுற்றியுள்ள தசைக்குள் ஊடுருவியிருக்கிறதா, நரம்பு தடித்திருக்கிறதா, மண்டையோட்டுத் துளைகளைச் சூழ்ந்த கொழுப்பு மறைந்துவிட்டதா என்பவற்றைக் காட்டும். அடினாய்டு சிஸ்டிக் வகையில் இது இன்றியமையாதது. அண்ணத்தில் ஒரு சிறு கட்டி மட்டும் தெரியும் ஒருவருக்கு, நோய் அங்கிருந்து நரம்பு வழியாகக் கண்ணுக்குப் பின்புறம் வரை சென்றிருப்பது எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியலாம். எலும்பு அரிப்பையும் நெறிகளையும் நுரையீரலையும் பார்ப்பதற்குச் சி.டி. பயன்படுகிறது.

செல்கள் சர்க்கரையை எவ்வளவு உறிஞ்சுகின்றன என்பதை ஒளிப்புள்ளிகளாகக் காட்டும் பெட் ஸ்கேனைப் பற்றித்தான் தவறான எண்ணம் அதிகம். அதில் ஒளிர்ந்தால் புற்று, ஒளிராவிட்டால் புற்றில்லை என்று பலர் எண்ணுகிறார்கள். உமிழ்நீர்ச் சுரப்பியில் இது பொருந்தவே பொருந்தாது. வார்த்தின் கட்டி என்ற, பெரும்பாலும் புகைபிடிப்போருக்கு வரும் தீங்கற்ற கட்டி, பெட் ஸ்கேனில் பளிச்சென்று ஒளிரும். மெதுவாக வளரும் சில புற்றுகளோ மங்கலாகவே தெரியும். வேறு நோய்க்காக எடுத்த பெட் ஸ்கேனில் பரோடிட்டில் தற்செயலாக ஒரு புள்ளி தெரிந்து குடும்பமே நிலைகுலைவது உண்டு. அது பெரும்பாலும் இந்த வார்த்தின் கட்டியாக இருந்துவிடுகிறது. புற்று என்று ஏற்கெனவே உறுதியாகி, அதுவும் ஹை கிரேடு என்று தெரிந்த பின், உடலில் வேறெங்கே பரவியிருக்கிறது என்ற கேள்விக்கு விடை தேடும்போதே பெட் ஸ்கேன் தன் விலைக்குத் தகுந்த பயனைத் தருகிறது.

ஊசிப் பரிசோதனையை எப்படிப் படிப்பது

எஃப்.என்.ஏ.சி. எனப்படும் பரிசோதனையில், ரத்தம் எடுக்கும் ஊசி அளவுக்கு மெல்லிய ஊசியைக் கட்டிக்குள் செலுத்திச் சில ஆயிரம் செல்களை உறிஞ்சி, கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றிப் பார்க்கிறார்கள். எளிது, விரைவானது, மரப்பு ஊசிகூடப் பெரும்பாலும் தேவைப்படாது. இது புற்று என்று சொன்னால் பெரும்பாலும் புற்றுதான். புற்றில்லை என்று சொல்லும்போது அவ்வளவு உறுதி கிடையாது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு புற்றை இது தவறவிடக்கூடும் என்பது பல ஆய்வுகளின் பொதுக்கணக்கு.

ஏன் தவறுகிறது? முதல் காரணம், ஊசி எங்கே குத்தியது என்பது. பழைய பிளியோமார்பிக் அடினோமாவின் ஒரு மூலையில் புற்று பிறந்திருக்கும்போது, ஊசி மறுமூலைக்குப் போனால் கிடைப்பது தீங்கற்ற செல்கள் மட்டுமே. அறிக்கை எழுதியவர் பார்த்த செல்களைப் பொறுத்தவரை அவர் எழுதியது முழு உண்மை. கட்டியைப் பொறுத்தவரை அது பொய். முழங்கால் ஆழத்தில் கால் வைத்துப் பார்த்துவிட்டு ஏரி முழுவதும் முழங்கால் ஆழம் என்று சொல்வதைப் போன்றது அது. இரண்டாவது காரணம், செல்கள் தனித்தனியாகக் கிடைக்கின்றன, திசுவின் அமைப்பு கிடைப்பதில்லை. லோ கிரேடு புற்றுக்கும் தீங்கற்ற கட்டிக்கும் செல்கள் ஒன்றுபோலவே இருக்கலாம். கட்டி தன் உறையைத் தாண்டிப் பக்கத்துத் திசுவுக்குள் நுழைந்திருக்கிறதா என்பதே இரண்டையும் பிரிக்கும் கோடு. அந்தக் கோட்டை உறிஞ்சியெடுத்த செல்களில் பார்க்க வழியே இல்லை. மூன்றாவதாக, சில கட்டிகள் நீர்ப்பையாக இருப்பதால் ஊசியில் வெறும் திரவம்தான் வரும்.

இந்தக் குறைகளை ஒப்புக்கொண்டு, அறிக்கையை எல்லோரும் ஒரே மொழியில் எழுத வேண்டும் என்பதற்காக 2018இல் மிலன் முறை என்ற வகைப்பாடு வெளிவந்தது. 2023இல் அதன் இரண்டாம் பதிப்பு வந்தது. இப்போது பல அறிக்கைகளில் ‘மிலன்’ என்ற சொல்லும் ஒரு ரோம எண்ணும் இருப்பதற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு வகைக்கும் புற்றாக இருக்கும் வாய்ப்பை இரண்டாம் பதிப்பு ஏறத்தாழ இவ்வாறு மதிப்பிடுகிறது:

1. போதிய செல்கள் இல்லை: 15 விழுக்காடு.
2. கட்டி வகையல்லாத அழற்சி, தொற்று போன்றவை: 11 விழுக்காடு.
3. தெளிவற்ற செல் மாற்றம்: 30 விழுக்காடு.
4. நான்காம் வகை இரண்டாகப் பிரிகிறது. தீங்கற்ற கட்டி என்றால் 3 விழுக்காட்டுக்கும் குறைவு. கட்டிதான், ஆனால் நல்லதா கெட்டதா என்று சொல்ல இயலாது என்றால் 35 விழுக்காடு.
5. புற்றாக இருக்கலாம் என்ற வலுவான ஐயம்: 83 விழுக்காடு.
6. புற்று: 98 விழுக்காட்டுக்கும் மேல்.

இந்தப் பட்டியலில் கவனிக்க வேண்டியவை கடைசி இரண்டு வகைகள் அல்ல. அவற்றைப் பார்த்து யாரும் அலட்சியமாக இருக்கப்போவதில்லை. ஆபத்து முதல் இரண்டில் இருக்கிறது. ‘போதிய செல்கள் இல்லை’ என்ற வரியைப் பலர் ‘ஒன்றும் இல்லை’ என்று படித்துவிடுகிறார்கள். ‘அழற்சி’ என்று வந்தால் காசநோயாக இருக்கலாம் என்று மாதக்கணக்கில் காத்திருப்பதும் நடக்கிறது. நம் நாட்டில் பரோடிட்டுக்குள் இருக்கும் நெறிகளில் காசநோய் வருவது உண்மைதான். ஆனால் பத்தில் ஒருவருக்குப் புற்று மறைந்திருக்கலாம் என்று வகைப்பாடே ஒப்புக்கொள்ளும் ஒரு முடிவை வைத்துக்கொண்டு, காசநோய்க் கிருமி நிரூபிக்கப்படாமலே ஆறு மாத மருந்தைத் தொடங்கிவிட்டுக் கட்டி சுருங்குமா என்று பார்ப்பது சரியான வைத்தியமாகத் தோன்றவில்லை.

ஊசி முடிவும் நோயாளியின் நிலையும் ஒத்துப்போகவில்லை என்றால் நம்ப வேண்டியது நோயாளியின் நிலையைத்தான். முகம் தளர்ந்து, கட்டி வேகமாக வளரும் ஒருவருக்கு ‘தீங்கற்றது’ என்ற முடிவு வந்தால், அந்த முடிவைக் கோப்பில் வைத்துவிட்டு மறுபடியும் பார்க்க வேண்டும். அப்போது அல்ட்ராசவுண்ட் உதவியோடு சற்றுத் தடித்த ஊசியால் நூல் போன்ற திசுத் துண்டை எடுக்கும் கோர் பயாப்ஸி கைகொடுக்கிறது. இதில் திசுவின் அமைப்பு ஓரளவு தெரியும்; பின்னால் சொல்லப்போகும் சாயச் சோதனைகளுக்கும் திசு கிடைக்கும். ஊசி சென்ற பாதையில் புற்று பரவிவிடுமோ என்ற அச்சம் பரவலாக உண்டு. உமிழ்நீர்ச் சுரப்பியில் அவ்வாறு நேர்ந்தது மிக மிக அரிது.

கத்தி வைத்துப் பார்ப்பது ஏன் தவிர்க்கப்படுகிறது

உடலின் பல பகுதிகளில் ஐயமுள்ள கட்டியிலிருந்து ஒரு துண்டை வெட்டியெடுத்துப் பார்ப்பார்கள். பரோடிட்டில் அப்படிச் செய்வதில்லை. நரம்பின் எந்தக் கிளை எங்கே ஓடுகிறது என்று தெரியாமல் சிறிய வெட்டின் வழியாகக் கத்தியைச் செலுத்தினால் முகநரம்பு அறுபடலாம். கட்டியின் உறை கிழிந்து செல்கள் சிதறினால், தீங்கற்ற பிளியோமார்பிக் அடினோமாகூடப் பல ஆண்டுகள் கழித்துப் பல முடிச்சுகளாகத் திரும்ப வரும். ஆகவே நரம்பை முதலில் கண்டறிந்து, கட்டியைச் சுற்றியுள்ள நல்ல சுரப்பித் திசுவோடு சேர்த்து அகற்றும் பரோடிடெக்டமியே இங்கே சிகிச்சையும் இறுதிப் பரிசோதனையும் ஆகிறது. கன்னத்துக் கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று எண்ணி, மரப்பு ஊசி போட்டு வெளிநோயாளியாகவே தோண்டியெடுப்பது எவ்வளவு கெடுதல் என்பதும் இதிலிருந்து விளங்கும். அண்ணம், உதடு போன்ற இடங்களில் நிலைமை வேறு; அங்கே ஒரு சிறு துண்டை எடுத்துப் பார்ப்பது வழக்கமே.

அறுவை நடக்கும்போதே திசுவை உறையவைத்துச் சீவிப் பார்க்கும் ஃப்ரோசன் செக்‌ஷன் என்ற முறையும் உண்டு. விளிம்பில் புற்று எஞ்சியிருக்கிறதா, நெறியில் பரவியிருக்கிறதா என்பவற்றுக்கு அது பயன்படும். இருபது நிமிடத்தில் வரும் அந்த விடையைக் கொண்டு எதைச் செய்யக்கூடாது என்பதும் முக்கியம். தெளிவற்ற முடிவை மட்டும் நம்பி, நன்றாக வேலை செய்யும் முகநரம்பை வெட்டுவது போன்ற பெரிய முடிவுகளை எடுக்கக்கூடாது என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கமான ஆஸ்கோ 2021இல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது. அறுபட்ட நரம்பைப் பிறகு ஒட்டுப்போடலாம். பழைய சிரிப்பு முழுதாகத் திரும்புவது கடினம்.

நுண்ணோக்கியின் கீழ்

அகற்றிய கட்டி ஃபார்மலினில் ஊறி, மெழுகுக் கட்டையில் பதிக்கப்பட்டு, மைக்ரான் கணக்கில் சீவப்பட்டு, இளஞ்சிவப்பும் ஊதாவுமாகச் சாயமேற்றப்பட்டு நுண்ணோக்கிக்கு வருகிறது. உமிழ்நீர்க் குழாய்ப் புற்றின் தகட்டைப் பார்த்தால், பெரிய கருக்களும் அவற்றுக்குள் துருத்தித் தெரியும் நுண்மணிகளும் கொண்ட செல்கள் குழாய்களை நிரப்பி நிற்பதும், நடுநடுவே துளைகளிட்ட சல்லடை போன்ற வட்டங்களும், அவ்வட்டங்களின் மையத்தில் செல்கள் செத்துக் கூழாகிக் கிடப்பதும் தெரியும். இந்தத் தகட்டை எங்கிருந்து எடுத்தது என்று சொல்லாமல் காட்டினால், அனுபவமுள்ளவரும் மார்பகப் புற்று என்றே சொல்லக்கூடும். மார்பகமும் உமிழ்நீர்ச் சுரப்பியும் குழாயும் சுரக்கும் செல்களுமாக ஒரே மாதிரியில் அமைந்த உறுப்புகள்; அவற்றின் புற்றுகளும் ஒன்றுபோல் தோன்றுவதில் வியப்பில்லை.

தோற்றம் மட்டும் போதாது என்ற இடத்தில், செல்லில் எந்தப் புரதம் இருக்கிறது என்று காட்டும் ஐ.எச்.சி. சாயச் சோதனைகள் வருகின்றன. குழாய்ப் புற்றில் ஆண் ஹார்மோனை ஏற்கும் ஏற்பியான ஏ.ஆர். பெரும்பாலானவர்களிடம் கருவுக்குள் அழுத்தமாகப் பழுப்பு நிறத்தில் தெரியும். அது தெரியாவிட்டால் வேறு வகையோ என்று மறுபடி யோசிக்க வேண்டும். ஹெர்-2 என்ற புரதம் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் மிகுந்திருக்கும். வேறு வகைகளுக்கு வேறு தடயங்கள். அடினாய்டு சிஸ்டிக் வகையில் எம்.ஒய்.பி., என்.எஃப்.ஐ.பி. என்ற இரு மரபணுக்கள் உடைந்து ஒட்டிக்கொள்கின்றன. மியூகோஎபிடெர்மாய்டில் எம்.ஏ.எம்.எல்.2 என்ற மரபணு முறிகிறது. இவற்றை ஃபிஷ் என்ற ஒளிர்சாய முறையாலோ மரபணு வரிசையாக்கத்தாலோ கண்டுபிடிக்கிறார்கள். 2010 வரை அசினிக் செல் கார்சினோமா என்ற பெயரில் அடைபட்டிருந்த ஒரு கூட்டத்திலிருந்து, ஈ.டி.வி.6, என்.டி.ஆர்.கே.3 மரபணுக்களின் இணைவைக் கொண்டு செக்ரீட்டரி கார்சினோமா என்ற தனி நோய் பிரித்தெடுக்கப்பட்டது. பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முந்தைய அறிக்கையில் ஒரு பெயரும் இன்றைய மறு ஆய்வில் வேறு பெயரும் வருவதற்கு இத்தகைய மாற்றங்களும் காரணம். அன்றைய மருத்துவரைக் குறைசொல்ல அதில் இடமில்லை.

இன்னொரு கேள்வியும் கட்டாயம் கேட்கப்பட வேண்டும்: இது இங்கேயே பிறந்ததா, வேறிடத்திலிருந்து வந்ததா? பரோடிட்டுக்குள் நெறிகள் எனப்படும் நிணநீர்க் கணுக்கள் இருக்கின்றன. நெற்றி, உச்சந்தலை, காது மடல் ஆகியவற்றின் தோலில் வரும் புற்றுகள் அங்கே வந்து தங்கும். ஆகவே பரோடிட்டில் ஸ்குவாமஸ் செல் வகை (தோல் போன்றவற்றின் தட்டைச் செல்களில் பிறக்கும் புற்று) என்று அறிக்கை வந்தால், அதை உமிழ்நீர்ச் சுரப்பிப் புற்று என்று ஏற்பதற்கு முன் தலைத்தோலை மயிரை விலக்கிப் பார்ப்பதும், முன்பு எப்போதாவது ‘மச்சம்’ என்று எடுத்துப்போட்டது உண்டா என்று விசாரிப்பதும் மருத்துவரின் கடமை.

பெயர் மாறினால் மருந்து மாறும்

முன்பெல்லாம் எந்த வகையாக இருந்தாலும் அறுவை, தேவைப்பட்டால் கதிர்வீச்சு என்று ஒரே பாதைதான் இருந்தது. வகையின் பெயர் பெரும்பாலும் ஆவணத்துக்கு மட்டுமே உதவியது. பரவிவிட்ட நோயைப் பொறுத்தவரை இப்போது அப்படியில்லை. ஹெர்-2 மிகுந்த குழாய்ப் புற்று உள்ள 57 பேருக்கு ஹெர்-2வைத் தடுக்கும் டிராஸ்டுசுமாபும் வேதிமருந்தான டோசிடாக்செலும் கொடுத்த ஜப்பானிய ஆய்வு 2019இல் வெளியானது. அவர்களில் 70 விழுக்காட்டினருக்குக் கட்டி கணிசமாகச் சுருங்கியது. ஏ.ஆர். மிகுந்தவர்களுக்குப் புராஸ்டேட் புற்றுக்குத் தரும் ஹார்மோன் தடுப்பு மருந்துகள் பயன்படுகின்றன. என்.டி.ஆர்.கே. இணைவு உள்ளவர்களுக்கென லாரோட்ரெக்டினிப் என்ற மருந்து 2018இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. ஹெர்-2 மிக அதிகமாக உள்ள, ஏற்கெனவே சிகிச்சை பெற்ற எந்த உறுப்பின் பரவிய புற்றுக்கும் டிராஸ்டுசுமாப் டெரக்ஸ்டெகான் என்ற மருந்துக்கு அங்கே 2024 ஏப்ரலில் ஒப்புதல் கிடைத்தது.

இவையெல்லாம் எட்டாக்கனிகள் அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஹெர்-2 சாயச் சோதனை மார்பகப் புற்றுக்காகத் தமிழ்நாட்டின் பல ஆய்வகங்களில் அன்றாடம் செய்யப்படுவது. அதே சாயம்தான் இங்கும். டிராஸ்டுசுமாபின் இந்தியத் தயாரிப்பை பயோகான் நிறுவனம் 2014இலேயே விற்பனைக்குக் கொண்டுவந்தது. குழாய்ப் புற்று என்று பெயரிட்ட அறிக்கையில் ஏ.ஆரும் ஹெர்-2வும் இல்லாமல் போவதற்குப் பணமோ வசதியோ பெரும்பாலும் காரணமாக இருப்பதில்லை. யாரும் கேட்காததே காரணம்.

அறுவைக்குப் பிந்தைய அறிக்கையில் தேட வேண்டியவை

1. புற்றின் துல்லியமான வகையும் கிரேடும். வெறுமனே ‘அடினோகார்சினோமா’ (சுரப்பிச் செல் புற்று என்ற பொதுப்பெயர்) என்று மட்டும் இருந்தால், மேலும் பிரித்துச் சொல்ல இயலுமா என்று கேட்கலாம்.

2. கட்டியின் அளவும் பரவலும். இவற்றை ‘டி’ என்ற எழுத்தும் ஓர் எண்ணும் குறிக்கும். 2 செ.மீ.க்குள் என்றால் டி1, 4 செ.மீ. வரை டி2, அதற்கு மேலோ சுரப்பியைத் தாண்டியோ என்றால் டி3. தோல், தாடை எலும்பு, முகநரம்பு ஆகியவற்றைத் தொட்டுவிட்டால் கட்டி சிறிதாக இருந்தாலும் டி4.

3. விளிம்புகள், நரம்பைச் சுற்றிய பரவல், ரத்த நாள ஊடுருவல், நெறிகளில் எத்தனை பார்க்கப்பட்டன, எத்தனையில் புற்று. கதிர்வீச்சு வேண்டுமா என்பது பெரும்பாலும் இந்த வரிகளைக் கொண்டே முடிவாகிறது.

4. பழைய பிளியோமார்பிக் அடினோமாவுக்குள் பிறந்ததென்றால், உறைக்கு வெளியே எத்தனை மில்லிமீட்டர் போயிருக்கிறது என்ற அளவு. உறைக்குள்ளேயே அடங்கியிருந்தால் அதன் போக்கு ஏறக்குறைய தீங்கற்ற கட்டியினுடையதைப் போன்றது. வெளியே பரவியிருந்தால் நிலைமை அடியோடு மாறும். ‘புற்று’ என்ற ஒரே சொல் இந்த இரண்டு நிலைகளையும் மூடிவிடுகிறது.

இந்த வரிகளில் ஏதேனும் இல்லையென்றாலும், வகையில் ஐயம் இருந்தாலும், உமிழ்நீர்ச் சுரப்பிக் கட்டிகளை அதிகமாகப் பார்க்கும் மையத்தில் மறு கருத்துக் கேட்பது இந்நோயில் வழக்கமான நடைமுறை. முதல் மருத்துவர் மீதான அவநம்பிக்கையாக யாரும் அதை எடுத்துக்கொள்வதில்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை போன்ற பெரிய மையங்களில் வெளியிலிருந்து வரும் தகடுகளைப் பார்க்கிறார்கள். அதற்குத் தகடுகளை மட்டும் கொண்டுபோனால் போதாது. சாயச் சோதனைக்கும் மரபணுச் சோதனைக்கும் புதிதாகச் சீவ வேண்டியிருக்கும் என்பதால் மெழுகுக் கட்டைகளையும் ஆய்வகத்தில் எழுதிக் கொடுத்துப் பெற்றுச் செல்ல வேண்டும். கட்டைகளை ஆய்வகங்கள் என்றென்றைக்கும் வைத்திருப்பதில்லை. அடினாய்டு சிஸ்டிக் வகையில், பத்தாண்டு கழித்து நுரையீரலில் ஒரு புள்ளி தெரியும்போது, அது பழைய நோயா புதிய நோயா என்று ஒப்பிட்டுப் பார்க்க அந்தப் பழைய கட்டையைத்தான் மருத்துவர் முதலில் கேட்பார்.